கடனில் வாங்கிய ஸ்கேன் மெஷின்: ரொக்கக் கணக்கு முறையில் வரிக் கழிவு எழுதும் விதம்

கிளினிக்குக்கு ஒரு கலர் டாப்ளர் (ரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் ஸ்கேன் மெஷின்) வாங்குகிறீர்கள். கைப்பணம் 4 லட்சம், வங்கிக் கடன் 20 லட்சம். மாதாமாதம் தவணை போகிறது. மார்ச் முடிந்து வருமான வரிக் கணக்கு போட உட்காரும்போது பெரும்பாலும் இரண்டு தவறுகளில் ஒன்று நடக்கிறது. கட்டிய இஎம்ஐ முழுவதையும் செலவாக எழுதிவிடுகிறார்கள். அல்லது, 'நாம் ரொக்க முறையில்தானே கணக்கு வைக்கிறோம், கட்டிய பணத்துக்குத்தானே கழிவு' என்று முன்பணம் 4 லட்சத்துக்கு மட்டும் தேய்மானம் (மெஷின் விலையை வருடா வருடம் பகுதி பகுதியாகச் செலவில் எழுதுவது) போடுகிறார்கள். முதல் தவறு நோட்டீஸை வரவழைக்கும். இரண்டாவது தவறை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், ஆனால் வருடா வருடம் கூடுதல் வரி கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

மெஷின் ஒரு கணக்கு, கடன் இன்னொரு கணக்கு. இதை மனதில் வைத்தாலே பாதிக் குழப்பம் போய்விடும். மெஷினுக்குத் தேய்மானம் கிடைக்க, அது உங்களுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், தொழிலில் பயன்பட்டிருக்க வேண்டும். கடன் அடைந்ததா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. வங்கி உங்கள் சார்பில் டீலருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டது, டீலருக்குப் பாக்கி எதுவும் இல்லை. அதனால் ரொக்க முறையிலும் மெஷினின் முழு விலையும் செலுத்தப்பட்ட விலைதான். மெஷின் வங்கிக்கு ஈடாக இருப்பதால் உங்கள் உரிமை போய்விடாது. கடன் கணக்கில் கழிவு கிடைப்பது வட்டிக்கு மட்டும், அதுவும் கட்டிய தேதியை வைத்து. அசலுக்குக் கழிவு எப்போதும் கிடையாது. அசல் என்பது வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுப்பது, அது செலவே அல்ல.

இங்கே சொல்வதெல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு, அதாவது 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி போடும் கணக்குக்கு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய 2025-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறும். தேய்மானம், வட்டி இரண்டின் அடிப்படையும் மாறவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது

ரொக்க முறை எல்லோருக்கும் கிடையாது. டாக்டர், வக்கீல், ஆர்க்கிடெக்ட், தனி உரிமையாளர், கூட்டு நிறுவனம் ஆகியோர் 145-ஆம் பிரிவுப்படி ரொக்க முறை (பணம் கைமாறும்போது எழுதுவது), வணிக முறை (பணம் கைமாறாவிட்டாலும் சேர வேண்டிய வருடத்திலேயே எழுதுவது) இரண்டில் ஒன்றைத் தேர்ந்து அதையே தொடர வேண்டும். கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான கம்பெனி வணிக முறையில்தான் கணக்கு வைக்க முடியும். வருமானத்தை ரொக்க முறையிலும் செலவை வணிக முறையிலும் எழுதுகிற கலவைக்கு இடமில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமிருந்து வர வேண்டிய பணத்தை வந்த பிறகுதான் வருமானமாகக் காட்டுகிறீர்கள் என்றால், கட்ட வேண்டிய வட்டியையும் கட்டிய பிறகுதான் செலவாகக் காட்ட முடியும்.

அடுத்து, டாக்டர், வக்கீல் போன்றவர்களுக்கான 44ஏடிஏ பிரிவு. ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் (ரொக்கமாக வாங்கியது 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை) வரவில் பாதியை லாபம் என்று காட்டி முடித்துக்கொள்ளலாம். இந்த வழியில் போனால் தேய்மானமும் வட்டியும் அந்தப் பாதிக்குள்ளேயே அடங்கிவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், தனியாகக் கேட்க முடியாது. பலர் கவனிக்காத விஷயம் இன்னொன்று உண்டு. அந்த வருடத்துக்கான தேய்மானம் கொடுக்கப்பட்டுவிட்டது என்றும் கருதப்படும். இந்த வருடம் 44ஏடிஏ-யில் கணக்குக் காட்டிவிட்டு, அடுத்த வருடம் புத்தகக் கணக்குக்கு மாறி, மெஷினின் முழு விலையிலிருந்து தேய்மானத்தைத் தொடங்க முடியாது. பெரிய மெஷின் வாங்கும் வருடத்தில் உண்மையான செலவு வரவில் பாதியைத் தாண்டுமா என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பாருங்கள். தாண்டினால் கணக்குப் புத்தகமும் ஆடிட்டும் உண்டு. அந்தக் கட்டணத்தைக் கொடுத்தும் லாபமாக இருக்கலாம்.

மெஷினின் அடக்க விலை

பில்லில் உள்ள விலையோடு சரக்குக் கூலியும் பொருத்தும் செலவும் சேரும். டாக்டரின் மருத்துவ சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் மெஷின் மீது கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே அதுவும் விலையில் சேர்ந்து தேய்மானம் பெறும். லேத் பட்டறை, பிரிண்டிங் பிரஸ் மாதிரி ஜிஎஸ்டி வசூலித்துத் தொழில் செய்கிறவர்கள் இரண்டில் ஒன்றுதான் எடுக்கலாம். உள்ளீட்டு வரியை எடுத்துக்கொண்டால் அந்தத் தொகையை மெஷின் விலையிலிருந்து நீக்கிவிட வேண்டும். இரண்டையும் எடுத்தால் ஜிஎஸ்டி ஆபீசில் உள்ளீட்டு வரி போய்விடும்.

அரசு மானியத்தோடு வாங்கினால், உதாரணமாக பிஎம்இஜிபி அல்லது தமிழ்நாட்டின் நீட்ஸ் திட்டத்தில், மெஷினுக்கென்று வந்த மானியத்தை அடக்க விலையிலிருந்து கழித்துத்தான் தேய்மானம்.

முன்பணத்தை நோட்டுக்கட்டாகக் கொடுத்துவிடாதீர்கள். ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகை அடக்க விலையில் சேராது. டீலர் 'ஒரு லட்சம் கேஷா குடுத்தா டிஸ்கவுண்ட்' என்று சொல்லும்போது, கலர் டாப்ளருக்கு அந்த ஒரு லட்சத்தின் மேல் வர வேண்டிய தேய்மானம் காலத்துக்கும் போய்விடுகிறது என்பதையும் கணக்கில் எடுங்கள். ஆர்டிஜிஎஸ், யுபிஐ, அக்கவுண்ட் பேயீ செக் இவற்றில் எது ஆனாலும் சரி.

கடன் தொகையும் மெஷின் விலையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. கடன் கொடுப்பவர்கள் பல நேரம் கடன்தாரரின் உயிருக்கு எடுக்கும் காப்பீட்டின் பிரீமியத்தையும் கடனோடு சேர்த்துவிடுவார்கள். அது மெஷினின் விலை ஆகாது. வங்கியின் செயலாக்கக் கட்டணமும் மெஷினில் சேராது. கடன் திரட்ட ஆகும் செலவு வருவாய்ச் செலவே என்று 1965-ல் இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே அதைக் கட்டிய வருடத்திலேயே செலவாக எழுதலாம்.

எந்த விகிதம்?

பொதுவான மெஷின்களுக்கு 15 சதவீதம். கம்ப்யூட்டர், பிரிண்டர், மென்பொருளுக்கு 40. மேஜை, நாற்காலி, மின் பொருத்துதல்களுக்கு 10. மருத்துவத் துறைக்கு ஒரு தனிச் சலுகை உண்டு: உயிர்காக்கும் கருவிகள் என்று விதிகளில் பெயர் சொல்லிப் பட்டியலிட்டவற்றுக்கு 40 சதவீதம். கலர் டாப்ளர், எம்ஆர்ஐ, டயாலிசிஸ் மெஷின், வென்டிலேட்டர், சர்ஜிக்கல் லேசர், ஃபைபர் ஆப்டிக் எண்டோஸ்கோப் ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கருப்பு-வெள்ளை அல்ட்ராசவுண்ட் மெஷினும் பல் டாக்டரின் நாற்காலியும் இல்லை, அவற்றுக்கு 15 மட்டுமே.

அதனால் பில்லின் வாசகம் முக்கியம். 'அல்ட்ராசவுண்ட் சிஸ்டம்' என்று மொட்டையாக எழுதி மாடல் நம்பர் போட்டிருந்தால், கணக்கைப் பரிசீலிக்கும் அதிகாரி 15-க்குத் தள்ளப் பார்ப்பார். கலர் டாப்ளர் என்ற சொல் பில்லிலேயே இருக்கும்படி ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அதே பில்லில் ஏசி, பிரிண்டர், பேஷண்ட் படுக்கை எல்லாம் சேர்ந்து வந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி விலை போடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் 40-ல் அடைத்தால், அதிகாரி பட்டியலில் இல்லாததைப் பிரித்து எடுக்க முழு பில்லையும் கிளறுவார்.

உற்பத்தி செய்கிறவர்கள் புது மெஷினுக்கு முதலில் 20 சதவீதம் கூடுதல் தேய்மானம் எடுக்கலாம். பழைய வரித் திட்டத்தில் இருந்தால் மட்டுமே அது. புதிய வரித் திட்டத்தில் கூடுதல் தேய்மானம் இல்லை, சாதாரணத் தேய்மானமும் வட்டியும் வழக்கம்போல உண்டு.

அக்டோபர் 3

வாங்கிய வருடத்தில் மெஷின் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் பாதி விகிதம்தான். மார்ச் 31-லிருந்து பின்னால் எண்ணினால் அக்டோபர் 3 அன்று 180 நாள் சரியாக வரும் (பிப்ரவரிக்கு 29 நாள் இருக்கும் வருடத்தில் அக்டோபர் 4). அக்டோபர் 3-க்குள் பயன்பாட்டுக்கு வந்தால் முழு 40, ஒரு நாள் தள்ளிப்போனால் 20.

எண்ண வேண்டியது பில் தேதியிலிருந்து அல்ல, மெஷின் வந்து இறங்கிய தேதியிலிருந்தும் அல்ல. தொழிலில் பயன்படத் தொடங்கிய தேதியிலிருந்து. ஸ்கேன் மெஷினில் இது இன்னும் கறாரானது. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சென்டருக்குப் பதிவு வேண்டும். ஏற்கெனவே பதிவு உள்ள சென்டரில் மெஷினை மாற்றினாலும் உரிய அதிகாரிக்கு 30 நாள் முன்பே தெரிவித்து, சான்றிதழைத் திருத்தி வாங்க வேண்டும். சான்றிதழில் ஏறாத மெஷினில் ஸ்கேன் எடுப்பதே குற்றம். ஆகவே செப்டம்பரில் மெஷின் வந்தும் சான்றிதழ் அக்டோபர் நடுவில் கைக்கு வந்தால், அந்த வருடம் பாதித் தேய்மானம்தான். விண்ணப்பத்தை ஜூலையிலேயே தொடங்குங்கள். பயன்பாட்டுத் தேதிக்கு ஆதாரமாகப் பொருத்தியதற்கான ரிப்போர்ட், திருத்திய சான்றிதழ், அந்த மெஷினில் எடுத்த முதல் ஸ்கேனின் ரசீது மூன்றையும் ஒன்றாகக் கோத்து வையுங்கள்.

வட்டி

கடன் வாங்கிய நாள் முதல் மெஷின் பயன்பாட்டுக்கு வரும் நாள் வரைக்குமான வட்டியைச் செலவாக எழுதக் கூடாது, மெஷின் விலையோடு சேர்க்க வேண்டும். அதற்குப் பிந்தைய வட்டியை மெஷினோடு சேர்க்கக் கூடாது, கட்டிய வருடத்தில் செலவாக எழுத வேண்டும்.

வங்கி வருட முடிவில் கொடுக்கும் வட்டிச் சான்றிதழை அப்படியே எடுத்துப் போடுவது ஆபத்து. அதில் மார்ச் 31 வரை ஏறிய வட்டி இருக்கும். ரொக்க முறையில் உங்களுக்கு வேண்டியது மார்ச் 31-க்குள் கட்டிய வட்டி. மார்ச் மாத வட்டி ஏப்ரல் தவணையில் போகிறது என்றால் அது அடுத்த வருடக் கணக்கு. மார்ச் தவணை பவுன்ஸ் ஆகி ஏப்ரல் 4-ல் கட்டினாலும் அப்படியே. 43பி பிரிவில், கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் கட்டினால் போதும் என்ற சலுகை ஒன்று இருக்கிறது. அது வணிக முறைக்காரர்களுக்கு உதவும், ரொக்க முறைக்காரருக்கு உதவாது. தவணை தள்ளிவைப்பில் கட்டாத வட்டியை வங்கி அசலோடு சேர்த்துவிட்டாலும் அது கட்டியதாகாது. பின்னால் அந்தத் தொகையைக் கட்டும்போதுதான் கழிவு.

ஆகவே சான்றிதழோடு, தவணைவாரியாக அசலும் வட்டியும் பிரித்துக் காட்டும் அட்டவணையையும் கேட்டு வாங்குங்கள். கணக்கு அதிலிருந்துதான் எழ வேண்டும்.

எண்களில் பார்ப்போம்

கலர் டாப்ளர் ஜிஎஸ்டி உட்பட 24,00,000. கடன் 20,00,000, வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், 60 மாதம், இஎம்ஐ 44,489. கடன் பட்டுவாடா 2025 செப்டம்பர் 1. மெஷின் பயன்பாட்டுக்கு வந்தது அக்டோபர் 1. தவணை ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி, முதல் தவணை அக்டோபர் 1.

மார்ச் 31-க்குள் 6 தவணை, மொத்தம் 2,66,934 கட்டியிருப்பீர்கள். அதில் அசல் 1,50,657, வட்டி 1,16,277. இந்த வட்டியில் முதல் தவணையின் 20,000 செப்டம்பர் மாதத்துக்கானது, அப்போது மெஷின் பயன்பாட்டில் இல்லை. அதனால் அது மெஷினோடு சேர்கிறது: அடக்க விலை 24,20,000. மீதி 96,277 வட்டிச் செலவு.

தேய்மானம் 40 சதவீதம், 9,68,000. வட்டியோடு சேர்த்து முதல் வருடக் கழிவு 10,64,277. கையிலிருந்து போனதோ முன்பணமும் தவணையும் சேர்த்து 6,66,934 மட்டுமே. முன்பணத்துக்கு மட்டும் தேய்மானம் போடுகிறவர் 1,60,000 எழுதிவிட்டு எவ்வளவு விட்டுவிடுகிறார் என்று பாருங்கள். இதே மெஷின் அக்டோபர் 10-ல் பயன்பாட்டுக்கு வந்திருந்தால் தேய்மானம் ஏறத்தாழ பாதியாகி, 4.84 லட்சத்தை ஒட்டி நின்றிருக்கும். மீதி அழிந்துவிடாது, அடுத்தடுத்த வருடங்களுக்குத் தள்ளிப்போகும்.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில், முதல் வருடத் தேய்மானம் போக மெஷினின் மதிப்பு 14,52,000. அதன் மீது 5,80,800 தேய்மானம், கட்டிய வட்டி 2,04,179, மொத்தக் கழிவு 7,84,979. கட்டிய தவணை 5,33,868. இன்னமும் கழிவுதான் அதிகம். மூன்றாம் வருடத்தில் தேய்மானம் 3,48,480, வட்டி 1,62,366, கூட்டினால் 5,10,846. தவணை அதே 5,33,868. இங்கே தராசு சாய்கிறது. நான்காம் வருடம் கழிவு 3,24,339-க்கு இறங்கிவிடும், தவணை இறங்காது. கையில் காசு நிற்காத வருடத்தில் காகிதத்தில் லாபம் ஏறி வரி கேட்கும். முதல் இரண்டு வருடம் மிச்சமான வரியைச் செலவழித்துவிட்டு நான்காம் வருடம் முன்வரி (அட்வான்ஸ் டாக்ஸ்) கட்டத் திண்டாடுகிறவர்கள் நிறைய. மிச்சமாகும் வரியில் ஒரு பகுதியை முதல் வருடத்திலிருந்தே தனி டெபாசிட்டில் போட்டு வையுங்கள்.

கடன் யாரிடம்?

வங்கிக்குக் கட்டும் வட்டிக்கு டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்க வேண்டாம். வங்கியல்லாத நிதி நிறுவனத்துக்கு அந்த விலக்கு இல்லை. முந்தைய வருடத் தொழில் வரவு 50 லட்சத்தை (வியாபாரம் என்றால் விற்றுமுதல் ஒரு கோடியை) தாண்டியிருந்து, ஆண்டு வட்டி 10,000-ஐத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் கட்ட வேண்டும். இஎம்ஐ தானாகக் கணக்கிலிருந்து போய்விடுவதால் யாரும் பிடிப்பதில்லை. விட்டுவிட்டால் அந்த வட்டியில் 30 சதவீதத்துக்குக் கழிவு மறுக்கப்படும். நடைமுறையில் டிடிஎஸ் தொகையை நீங்களே தனியாக அரசுக்குக் கட்டி, அதற்கான சான்றிதழான படிவம் 16ஏ-வை நிதி நிறுவனத்துக்கு அனுப்பி, அந்தப் பணத்தைத் திரும்பப் பெறுவதுதான் வழி.

நகைக் கடன் வாங்கி மெஷினுக்குப் போட்டாலும் வட்டிக்குக் கழிவு உண்டு. கடனின் பெயர் எதுவாக இருந்தாலும், பணம் எதற்குப் போனது என்பதுதான் கேள்வி. நகைக் கடன் பணம் கணக்கில் வந்த அன்றே, அல்லது மறுநாளே, அதே கணக்கிலிருந்து டீலருக்கு ஆர்டிஜிஎஸ் போனால் தடம் தெளிவாக இருக்கும். இடையில் வீட்டுச் செலவோடு கலந்துவிட்டால் நிரூபிப்பது பாடு. உறவினரிடம் கைமாற்று வாங்கினால் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும்.

கடைசித் தவணையோடு மெஷின் உங்களுக்குச் சொந்தமாகும் ஹயர் பர்ச்சேஸ் ஒப்பந்தத்தில், ரொக்க விலைக்குத் தேய்மானமும், அதற்கு மேல் கட்டும் வாடகைக் கூறுக்குச் செலவும் எழுதலாம். இதற்கான வரி வாரியச் சுற்றறிக்கை 1943-லேயே வந்தது. லீஸ் அப்படியல்ல. மெஷின் லீஸ் கம்பெனிக்குச் சொந்தம், தேய்மானமும் அவர்களுக்கே என்று 2013-ல் ஐசிடிஎஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீங்கள் கட்டும் வாடகை முழுவதும் கட்டிய வருடத்தில் செலவு. கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தின் உள்ளே படியுங்கள், தலைப்பை நம்பாதீர்கள்.

டேலி கணக்கு மென்பொருளில் எழுதும்போது

மெஷின் பில்லை நிலைச் சொத்திலும், 20 லட்சத்தை ஈட்டுக் கடனிலும் முதலிலேயே ஏற்றிவிடுங்கள். வங்கி பட்டுவாடா செய்த பணம் நேராக டீலருக்குப் போய்விடுவதால் உங்கள் பாஸ்புக்கில் அது வராது. அதனால்தான் பலருடைய டேலியில் மெஷினே இருப்பதில்லை, இஎம்ஐ மட்டும் 'மெஷின் செலவு' என்று ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தவணையையும் அட்டவணையைப் பார்த்து அசல், வட்டி என இரண்டாகப் பிரித்துப் பற்று எழுதுங்கள். மார்ச் 31-ல் உங்கள் கடன் லெட்ஜர் பாக்கியும் வங்கி அட்டவணையின் அசல் பாக்கியும் ஒத்துப்போக வேண்டும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அது 18,49,343. வங்கி ஸ்டேட்மெண்டில் மார்ச் வட்டியும் ஏறியிருந்தால் அந்த அளவுக்கு மட்டும் வித்தியாசம் வரும், வேறு வித்தியாசம் வந்தால் ஏதோ ஒரு தவணை தவறாகப் பதிந்திருக்கிறது.

ஐடிஆர்-3 வருமான வரிப் படிவத்தில் கணக்கு முறை கேட்கும் இடத்தில் ரொக்கம் என்று குறியுங்கள். மெஷின், இயந்திரத் தேய்மான அட்டவணையின் 40 சதவீதப் பத்தியில் ஏற வேண்டும். 180 நாளும் அதற்கு மேலும் பயன்பட்டவை ஒரு வரிசை, குறைவாகப் பயன்பட்டவை வேறொரு வரிசை. வரிசை மாறினால் மென்பொருள் தானாகப் பாதியாக்கிவிடும்.

பழைய மெஷினை எக்ஸ்சேஞ்ச் கொடுத்தால் டீலர் நிகர விலைக்குப் பில் போட்டுத் தருவார். அதை அப்படியே எழுதக் கூடாது. பழையது 15 சதவீதத் தொகுதியில் (ஒரே விகிதத்தில் தேய்மானம் போடும் சொத்துகளை ஒன்றாகச் சேர்த்த கணக்கு) இருந்த சாதாரண அல்ட்ராசவுண்ட் என்றால், அதற்குக் கிடைத்த மதிப்பை அந்தத் தொகுதியிலிருந்துதான் கழிக்க வேண்டும். புதியது முழு விலைக்கு 40-ல் ஏற வேண்டும். பில்லில் இரண்டு தொகையும் தனித்தனியாக வரும்படி கேளுங்கள். கடன் முடியும் முன்பே மெஷினை விற்றாலும் இதே முறைதான்: விற்ற தொகை முழுவதும் தொகுதியிலிருந்து கழியும், அதில் எவ்வளவு வங்கிக் கடனை அடைக்கப் போனது என்பது தேய்மானக் கணக்கில் வராது. விற்ற தொகை தொகுதியின் மதிப்பைத் தாண்டினால் மிஞ்சியது குறுகிய கால மூலதன ஆதாயம். 40 சதவீதத்தில் மதிப்பு வேகமாகக் கரைவதால், மூன்று வருடம் ஓடிய மெஷினை நல்ல விலைக்கு விற்கும்போது இந்த வரி வரத்தான் செய்யும். அதே வருடத்தில் அதே தொகுதியில் வேறு கருவி வாங்கினால், அதன் விலை தொகுதியில் சேர்ந்து ஆதாயத்தைக் குறைக்கும். ஆகவே மாற்று மெஷின் வாங்கும் எண்ணம் இருந்தால், விற்பதையும் வாங்குவதையும் மார்ச் 31-க்கு ஒரே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.